முதுகு மட்டும் தெரிந்த படம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். "வாருங்க, இரியுங்க" என்று வீட்டார் சொல்லி முடிப்பதற்குள் நாலு பக்கமும் கண்ணை ஒரு சுற்று ஓட்டிவிடுவார். எந்தச் சாமி படம், எந்த ஜவுளிக்கடைக் காலண்டர், யாருடைய கல்யாணப் படம், ஆணி மட்டும் இருந்து படம் இல்லாத இடம் எது, எல்லாம் அந்த ஒரு சுற்றில் அவருக்குக் கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆட்களின் முகத்துக்கு வருவார். வந்தும் பேசமாட்டார். சும்மா இருப்பார். எதிரே ஒரு மனிதர் இவ்வளவு பொறுமையாகச் சும்மா இருந்தால் நமக்கு என்னவோபோல் ஆகிவிடும். நாம் பேச ஆரம்பித்துவிடுவோம். பேசக்கூடாது என்று வைத்திருந்ததைக்கூடப் பேசிவிடுவோம்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல நிலையில் இருப்பதாகக் கேள்வி. நாகர்கோவிலில், வடசேரிப் பக்கம் ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார் என்பது போதும். பூர்வீகம் மேற்கே, மலையாளத்தை ஒட்டிய பக்கம். பேச்சில் அது தெரியும். ஒல்லியான ஆள். கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. மருந்துத் தண்ணீரில் கிடந்து கிடந்து வலதுகை விரல்கள் நுனியில் பழுப்பேறி இருக்கும். ஒரு படத்தைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார்.

நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தபாலான அஞ்சலாபீஸில் வேலை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த புதிது. நாங்கள் சின்னதாக ஓர் ஓட்டு வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு எடுத்த குரூப் போட்டோவை வாங்கிவரத்தான் முதன்முதலில் அந்த மாடிப்படி ஏறினேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஜனங்கள் போட்டோ எடுப்பதென்றால் கல்யாணத்துக்கு எடுப்பார்கள், கொழும்புக்குப் போகிறவன் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போக எடுப்பான், செத்துப்போனால் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து மாலை போட்டு எடுப்பார்கள். இதெல்லாம் அவரும் எடுத்தார். சோறு அதில்தான். ஆனால் மனசு பின்னறையில் இருந்தது. அங்கே சுவர் முழுக்க வேறு மாதிரிப் படங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் பனைகள். மழை விட்டதும் எடுத்த ஒரு தெப்பக்குளம். கன்னியாகுமரியில் பாறையில் மோதி உடைந்துகொண்டிருக்கிற அலை. பழுப்பு நிறத்தில் பெரிதாக அச்சுப் போட்டு, சுற்றி நாலு விரல் அகலம் வெள்ளை அட்டை விட்டு, கறுப்புச் சட்டம் போட்டிருப்பார். சாமியும் இல்லாமல் சொந்தக்காரரும் இல்லாமல் ஒரு படத்தை விலை கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"டீச்சரே, ஒட்டிநிண்ணு பாக்கண்டாம். மூணடி பொறத்தால வாங்க" என்றார். வந்தேன். "இப்பம் பனையைப் பாக்காதிய. பனைக்கு எடையில உள்ளதைப் பாருங்க." பார்த்தேன். பனைகளுக்கு நடுவே வானம் கிழிந்த துணிபோலத் துண்டு துண்டாக இருந்தது. காற்று தெரிந்தது. "கொள்ளாமா?" என்று கேட்டார். நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு சம்பளம் வாங்குகிற சனிக்கிழமைகளில், பக்கத்து வீட்டு மாமியையோ கூட வேலைபார்க்கும் டீச்சரையோ கூட்டிக்கொண்டு அங்கே போவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் நெல்வயல் நிறைய உள்ள ஒரு பண்ணையார் காரில் வந்து இறங்கினார். புதிதாக மச்சுவீடு கட்டியிருந்தார். "முன்கட்டுல மாட்டியதுக்கு ஒரு படம் வேணும். நாலடி நீளத்துக்குக் கொறையப்பிடாது" என்றார். பின்னறையில் அந்த அளவுக்கு அலைப்படம் சாய்த்து வைத்திருந்தது. எனக்கே தெரியும். இவரோ, "அந்த அளவுல என்னட்ட ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிட்டார். கார் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

"அவருக்க கையில எல்லாம் உண்டு டீச்சரே. ஒண்ணும் விட்டுப்போகல்ல. அப்பிடி உள்ளவருக்குப் படம் என்னத்துக்கு?"

எனக்கு இந்தப் பேச்சு அவ்வளவு பிடித்துப்போயிற்று. வீட்டுக்காரரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன். பணத்துக்கு மயங்காத மனிதர் என்று நினைத்தேன். அவர் என்ன சொன்னார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு சனிக்கிழமை கடற்கரையிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தாள். கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறவள். மகளுக்கு மாதாகோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை கொடுத்தபோது எடுத்த படத்தை வாங்க வந்தவள், கதவு வழியாகப் பின்னறையில் இருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டாள். கடலில் வெகுதூரத்தில் ஒரு கட்டுமரம். அதில் எறும்பளவுக்கு ஒரு ஆள் நிற்கிறான்.

"அந்த மரத்துல நிக்கது ஆரு?"

இவர் உள்ளே போனார். படத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள்தான் பேசினாள். அவள் தம்பி நாலு வருஷத்துக்கு முன்னால் மாசி மாதத்தில் கடலுக்குப் போனவன். மரமும் கரைசேரவில்லை, ஆளும் சேரவில்லை. "சவப்பொட்டிகூட இல்லாம பூசை வச்சோம். எனக்க தம்பியும் இப்பிடித்தான் துடுப்பைத் தோளுல சாச்சு நிப்பான்" என்றாள்.

இவர் மெதுவாகச் சொன்னார். "மாசி மாசம் எடுத்தது. முட்டத்துல வச்சு, விடியக் காலத்த. நாலு வருசம் இருக்கும்."

"எனக்க சேசுவே!" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் போய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவி வந்து, படத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

என் முறை இரண்டு மாதம் கழித்து வந்தது.

அம்மை இறந்தபோது நான் திருவனந்தபுரத்தில் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். விஷக்காய்ச்சல். தகவல் கிடைத்து நான் எங்கள் ஊரான தேரூருக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மைக்கு ஒரு போட்டோ கிடையாது. அப்பா ஒன்று எடுக்கலாம் என்று கூப்பிட்டும் அவள் போகவில்லையாம், அதனால் அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியாக அந்த முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. அவருடைய அந்தச் சும்மா இருப்புக்கு முன்னால் எப்போதோ ஒருநாள் இதையெல்லாம் கொட்டியிருக்கிறேன். மத்தியானம் அவள் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோவதையும், தலை ஒரு பக்கம் சாய நடப்பதையும் சொல்லியிருக்கிறேன். சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அன்றைக்குப் பின்னறைக்குள் போனதும் ஜன்னலுக்கு எதிரே புதுப் படம் ஒன்று. வயல் வரப்பு. ஒரு பெண் இடுப்பில் கஞ்சிக் கலயத்தோடு நம்மைவிட்டு அப்பால் நடந்துபோகிறாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. சேலையை ஏற்றிச் செருகியிருக்கிறாள். தலை இடதுபக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கதிர்களின் மேல் வெயில்.

"அம்மை!" என்று கத்திவிட்டேன். கூட வந்த பக்கத்து வீட்டு மாமி பயந்துபோனாள்.

நான்தான் கேட்டேன். "இது தேரூர்லயா எடுத்திய? கொளத்துக்கு மேக்க?"

"கொளத்துக்கு மேக்கதான்" என்றார். "ஆறேழு வருசம் ஆச்சு. ஆளு ஆருண்ணு எனக்குத் தெரியாது. கஞ்சி கொண்டு போனா. ரெண்டு மாசமாட்டு இந்தப் படம் எனக்கு ஒறக்கம் தரல்ல டீச்சரே. பழைய பெட்டியில இருந்து எடுத்து இப்பம்தான் அச்சுப் போட்டேன். இது ஒங்களைத்தான் தேடிட்டு இருந்திருக்கு."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்தார். அதுதான் அந்தப் படத்தின் மூலத்தகடு, அது இல்லாமல் இன்னோர் அச்சுப் போடமுடியாது என்றார். "வேற ஒரு வீட்டுச் சுவருல ஒங்க அம்மை தொங்கப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே அதைத் தொட்டியின் விளிம்பில் தட்டி உடைத்தார். கும்பிட்டேன். அவர் காலைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

மூன்று மாதச் சம்பளம் அந்தப் படத்துக்கு. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

படத்தைப் போர்வையில் சுற்றிச் சைக்கிளில் கட்டி அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்ததும் சுவரைப் பார்த்தார். மேற்கு வெயில் விழுகிற சுவர் வேண்டாம், வெயில் படத்தைத் தின்றுவிடும் என்றார். கிழக்குச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றச் சொன்னார். நாற்காலியில் என்னை உட்காரவைத்து, என் கண்ணுக்கு நேரே சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "நிண்ணு பாக்க மாட்டிய. ஒங்க வீட்டுல எல்லாரும் இருந்துதானே வர்த்தமானம் பேசுவிய? அவளும் அந்த ஒயரத்துல இருக்கட்டும்." ஆணியையும் அவரே அடித்தார்.

நான் பிச்சிப்பூ மாலை கட்டி வைத்திருந்தேன். வேண்டாம் என்றார். "மாலை போட்டா செத்தவ ஆயிருவா. இப்பம் நடந்துட்டுல்லா இருக்கா."

இப்படிப் பேசுகிற ஒரு மனிதரை யார்தான் நம்பமாட்டார்கள்?

"முகமே தெரியாத படத்துக்குப் பொட்டு எங்க வைப்பே?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். மனசுக்குள் அவருக்கும் சந்தோஷம்தான். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது "போயிட்டு வாறேன் அம்மை" என்று சொல்லிவிட்டுப் போவதை அவர் கேட்டும் கேட்காததுபோல் இருந்துகொள்வார்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் ஆயிற்று. தேரூர் வீட்டில் அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும் இருந்தார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று அப்பாவை நான் கூட்டிவந்தேன். கண்ணில் கட்டு இருந்த நாட்களிலேயே அம்மையின் படம் வீட்டில் இருப்பதைச் சொல்லியிருந்தேன். கட்டு அவிழ்த்துக் கனத்த கண்ணாடி போட்டதும், "எங்க, அவளைக் காட்டு" என்றார். நாற்காலியைக் கிழக்குச் சுவருக்கு எதிரே போட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"இவதான்" என்றார். "இந்தச் சேலை வடசேரிச் சந்தையில நான் எடுத்துக்கொடுத்தது."

கண் சரியான பிறகும் அப்பா ஊருக்குத் திரும்பவில்லை. தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு அந்த நாற்காலியில் உட்காருவார். அண்ணனிடமிருந்து வந்த வயல் சமாசாரம் எதுவானாலும் அதைப் படத்துக்குச் சொல்லியாக வேண்டும். "ஏட்டி, கேட்டியா? கீழ்வயல்ல நடவு முடிஞ்சாச்சு. பெரியவனுக்க மகளுக்குக் கல்யாண ஆலோசனை ஒண்ணு வந்திருக்கு." அம்மை உயிரோடு இருந்தபோது அவர் அவளிடம் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

படம் வீட்டுக்கு வந்து இப்படி மூன்று வருஷம் போயிற்று.

சமஸ்தானத்து அஞ்சலாபீஸ் இந்திய சர்க்காரின் போஸ்டாபீஸாக மாறியிருந்தது. என் வீட்டுக்காரரை மார்த்தாண்டத்துக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். அங்கே ஒரு மரவியாபாரி புதுவீடு பால்காய்ச்சுக்கு எங்களை அழைத்திருந்தார். நானும் போனேன். பெரிய வீடு. பெண்கள் உட்கார்ந்திருந்த தளத்தில் கையில் பாயசத்தோடு நின்று நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் அம்மை போய்க்கொண்டிருந்தாள்.

அதே வரப்பு. அதே கலயம். என் வீட்டில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு பெரிது.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு மரவியாபாரியின் வீட்டுக்காரி பக்கத்தில் வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நல்ல மனுஷி.

"டீச்சருக்குப் படம் பிடிச்சிதா? அது எனக்க அக்காளாக்கும்."

பாயசத்தைப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தேன்.

"கெழக்க கெட்டிக்குடுத்தது. மூணாம் பேறுல போயிட்டா, எட்டு வருசமாச்சு. அவளுக்க படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. போன வருசம் மகனுக்க கல்யாணத்துக்குப் படம் எடுக்க நாகர்கோயில்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. பேச்சுவாக்குல அக்காளுக்க காரியம் சொன்னேன். அடுத்த மாசம் இதைக் கொண்டு வந்தாரு பாருங்க! அவரு எடுக்கும்போ ஆருண்ணு அவருக்கே தெரியாதாம். தலை எடத்தோட்டு சாஞ்சிருக்கு பாத்தியளா? அக்கா இப்பிடித்தான் நடப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒலகத்துல இது ஒண்ணே ஒண்ணுதான். எனக்க கண்ணு முன்னால வச்சு இதுக்க கண்ணாடித் தட்டை ஒடச்சாரு."

அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுவாள்போல இருந்தது, சந்தோஷத்தில்.

"கொள்ளாம்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். கருவாட்டு வியாபாரம் செய்கிற அந்த அம்மாள் மாசி என்று சொன்ன பிறகுதான் அவர் மாசி என்றார். நாலு வருஷம் என்று அவள் சொன்ன பிறகுதான் அவர் நாலு வருஷம் என்றார். தேரூர் என்று சொன்னது நான். குளத்துக்கு மேற்கே என்று சொன்னதும் நான். அவர் என் சொல்லை என்னிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் கும்பிட்டு வாங்கியிருக்கிறேன்.

மறுநாளே போனேன். தனியாகத்தான் போனேன். அவர் சட்டத்துக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். மார்த்தாண்டம் என்று நான் சொன்னதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரஷ்ஷைத் துடைத்து வைத்தார். வழக்கம்போலச் சும்மா நின்றார். இந்தமுறை நானும் சும்மா நின்றேன். கடைசியில் அவரே பேசவேண்டி வந்தது.

"டீச்சரே, அது ஒங்க அம்மைண்ணு நான் சொன்னனா? நீங்கதானே சொன்னிய."

"தேரூர்னு சொன்னியளே. கொளத்துக்கு மேக்கன்னு சொன்னியளே."

"நீங்க சொன்ன பொறவாக்கும் சொன்னேன்."

"தகட்டை ஒடச்சியளே."

"அது வேற தட்டு, வெளிச்சம் கேறிக் கெட்டுப்போனது. எனக்கு அப்பிடி ஒருபாடு தட்டு உண்டு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. கணக்கு சொல்லிக் கொடுக்கிறவர்போல இருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பம் அது ஆரு?"

"தெரியாது. அஞ்சுகிராமம் பக்கம் சைக்கிள்ல போகும்போ கண்டேன். பின்னால நிண்ணு ஒண்ணு எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினா. அப்பம் ஒண்ணு எடுத்தேன். அதுவும் இருக்கு. காணணுமா?"

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் போய்க் கைகழுவினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன அச்சை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

பதினெட்டு வயதுகூட இருக்காது. என்னைவிடச் சின்னவள். அகலமான முகம், மேலுதட்டில் வியர்வை, நெற்றியில் ஒட்டின முடி. காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் அந்நியனைக் கண்டு வெட்கமும் சிரிப்பும் அடக்கமுடியாமல் வாய் திறந்து சிரிக்கிறாள். அம்மையின் சாயல் ஒரு பொட்டுக்கூட இல்லை. மூன்று வருஷமாக இந்தப் பெண்ணிடம் நான் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். இந்தப் பெண்ணிடம் என் அப்பா நடவு முடிந்ததைச் சொல்லியிருக்கிறார்.

"என்னைக் குத்தம் சொல்லாதிய டீச்சரே" என்றார். "ஒங்க வீட்டுல இத்தனை நாளும் ஒரு அம்மை இருந்தாளா இல்லியா? அதைச் சொல்லுங்க."

நான் அச்சை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பிறகு அந்த மாடிப்படியை மிதிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் செய்ததைச் சொல்லவேண்டும். அப்பா நாற்காலியில் இருந்தார். படத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை இப்படி ஒருவன் ஆட்டி வைத்திருக்கிறான், அப்பா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாரே என்று தோன்றியது. "அது அம்மை இல்லப்பா" என்றேன். நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பால்காய்ச்சு, மரவியாபாரி வீட்டுக்காரியின் அக்காள், உடைக்காத தகடு, அஞ்சுகிராமத்துப் பெண், எதையும் விடவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். திரும்பப் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த மார்த்தாண்டத்துக்காரிகிட்ட இதைச் சொன்னியா?"

"இல்லை."

"ஏன் சொல்லல்ல?"

"பாவமா இருந்துது."

அப்பா தலையை ஆட்டினார். "அவன் என்னை ஏமாத்தினான். செரி, அவன் அன்னியன். நீ எதுக்கு மக்கா எங்கிட்ட வந்து சொன்னே?"

நான் விளக்கு ஏற்ற உள்ளே போனேன்.

அதற்கு அடுத்த வாரம் அப்பா தேரூருக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை. அறுவடை பார்க்கவேண்டும் என்றார். பஸ் ஏற்றிவிடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு என்றார். அப்புறம் எங்கள் வீட்டில் வந்து தங்கவில்லை. நான் போனால் பேசுவார், சிரிப்பார். அம்மையைப் பற்றி மட்டும் என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். படத்தை என் வீட்டுக்காரர் கழற்றிப் பழைய பேப்பரில் சுற்றிப் பரண்மேல் போட்டார். அது எப்போது யார் கைக்குப் போயிற்றென்று எனக்குத் தெரியாது.

எங்கள் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அந்த மாதத்தில் அப்பா போனார். ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டித் திருநீறு பூசி வைத்திருந்தார்கள். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"ஏட்டி, அப்பாவுக்கும் ஒரு படம் இல்ல. நாகர்கோயிலுக்கு ஆள் அனுப்பி அந்த ஸ்டூடியோக்காரரைக் கூட்டிட்டு வரவா? அவரு ஒருத்தருதான் இந்த நேரத்துல கூப்பிட்டா வருவாரு. மத்தவனுவ எல்லாம் ஊர்வலத்தைப் படம் எடுக்கப் போயிட்டானுவ."

"வேண்டாம்" என்றேன்.

"ஒனக்கு என்ன பைத்தியமா? அம்மைக்கும் இல்ல. இப்பம் விட்டா அப்பாவுக்கும் இல்லாமப் போயிரும்."

"அவரு இந்த முற்றத்துல கால் வைக்கப்பிடாது."

அண்ணனுக்குக் காரணம் தெரியாது. அப்பா அவனிடம் சொல்லியிருக்கவில்லை. நான் அழுதுகொண்டே சொன்னதால் அவன் மறுத்துப் பேசவில்லை. படம் எடுக்காமலே, பொழுது சாய்வதற்குள் அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துவிட்டார்கள். இந்தமுறை நான் அதுவரைக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணைச் சிமிட்டாமல், ஒவ்வொரு சுருக்கமும் மனசில் ஏறவேண்டும் என்று.

ஏறவில்லை. இப்போது எனக்கு அப்பாவின் வயதாகிவிட்டது. கண்ணை மூடினால் அம்மையின் மூக்குத்தி வரும், குரல் வரும், முகம் வராது. அப்பாவின் முகமும் எப்போதோ கலைந்துவிட்டது. முகமாக முழுசாக, கூப்பிடாமலே வருகிறவள் அந்த அஞ்சுகிராமத்துப் பெண்தான். மேலுதட்டு வியர்வையும், நெற்றியில் ஒட்டின முடியுமாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.